தாயக்கட்டைக்கு நினைவு உண்டோ?

பண்ணுருட்டியிலிருந்து நெய்வேலி நோக்கிச் செல்லும் பெருவழியில் காடாம்புலியூர் என்றோர் ஊர் உளது. செம்மண் பூமி. இருமருங்கும் முந்திரித் தோப்புகள். அவற்றினூடே பலா மரங்கள். கோடை வந்துவிட்டால் சாலையோரமெங்கும் பலாப்பழம் குவிந்து கிடக்கும். நெய்வேலிச் சுரங்கத்திற்கு முறைவேலைக்குச் செல்வோரும், முந்திரிக்கொட்டை உடைக்கச் செல்லும் பெண்டிருமாக விடியலிலேயே ஊர் விழித்துக்கொள்ளும். அங்கு முந்திரி வாணிபம் புரியும் நண்பர் ஒருவரின் இல்லத்தில் கோடை விடுமுறையில் இரு நாட்கள் தங்கியிருந்தோம்.

நண்பரின் மகன் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். அவனும் அவன் தோழர் மூவரும் திண்ணையில் பித்தளைத் தாயக்கட்டைகளை உருட்டிக்கொண்டிருந்தனர். பணயம் ஏதுமில்லை, பொழுது போக்குத்தான். சூதையும், அம்பெய்து குறி கேட்பதையும் மதுவோடு சேர்த்துத் திருமறை விலக்கியிருப்பதை (5:90) அறிந்த குடும்பந்தான் அது. பகடை உருட்டுவதையே விரும்பாத பெரியவர்கள் நம்மிடையே உண்டென்பதும் நாம் அறிந்ததே. ஆடும்படி எவரையும் நாம் தூண்டவில்லை. எண்ணிப் பார்க்கத்தான் தூண்டினோம்.

"தம்பி, பன்னிரண்டு விழும் நிகழ்தகவு என்ன?" என்று கேட்டோம்.

கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை. சற்றும் தயங்கவில்லை. "தாயம், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு. மொத்தம் ஏழு முடிவுகள். ஆகவே ஏழில் ஒன்று" என்றான். உள்ளிருந்து அவன் பாட்டியாரின் குரல் வந்தது: "பன்னிரண்டு என்ன, மூன்று விழுகிற மாதிரியா விழுகிறது? எத்தனை உருட்டு உருட்டினாலும் அது அருமையாகத்தான் வரும்."

பள்ளியின் வாசற்படியையே மிதியாத அம்மூதாட்டி கூறியதுதான் சரி. தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டையும் சேர்த்து உருட்டினால் நான்கை நான்கால் பெருக்கப் பதினாறு வகை. இரண்டும் வெறுமையாக விழுந்தால்தான் பன்னிரண்டு. அதற்கு வழி ஒன்றே. ஆறுக்கும் ஒரே வழி, இரண்டும் மூன்றாக விழவேண்டும். தாயத்திற்கு இரு வழி. ஐந்துக்கும் இரு வழி. இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று. மூன்றுக்கோ நான்கு வழிகள். ஆக, பன்னிரண்டு பதினாறில் ஒன்று. மூன்று பதினாறில் நான்கு. ஏழில் ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்பிழையைச் சிறுவனின் பேதைமை என்று தள்ளிவிட நமக்கு மனமில்லை. அவன் கையிலிருந்த பாடநூலே அதற்குத் துணை நிற்கிறது. முடிவை முன்கூட்டிச் சொல்லவியலாத சோதனைக்கு நம் பள்ளி நூல்கள் 'சமவாய்ப்புச் சோதனை' என்று பெயரிட்டுள்ளன. ஏற்றத்தாழ்வின்றி நிகழத்தக்க நிகழ்ச்சிகளையும் அதே நூல்கள் 'சமவாய்ப்பு நிகழ்ச்சிகள்' என்கின்றன. ஆங்கிலத்தில் முன்னது 'ராண்டம்'. பின்னது 'ஈக்குவலி லைக்லி'. இரு கருத்துகள், இரு சொற்கள். தமிழிலோ இரண்டும் ஒரே குடையின்கீழ் வந்து நிற்கின்றன. 'சமம்' என்ற சொல் பெயரிலேயே அமர்ந்திருக்கும்போது, முடிவுகளெல்லாம் சமம் என்று மாணவன் கொள்வதில் வியப்பென்ன? கலைச்சொல் ஆக்கிய அறிஞர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் இந்த ஒரு சொல்லை அவர்கள் மீண்டும் எண்ணிப் பார்க்கலாம்.

ஆயினும் முழுப் பழியையும் சொல்லின்மேல் சுமத்துதல் முறையன்று. ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டினால் ஓர் ஐந்தும் ஓர் ஆறும் விழுவது எளிதா, இரண்டும் ஆறாக விழுவது எளிதா என்று பிரெஞ்சு மாணவர்களிடம் வினவி ஆராய்ந்தார் மாரி பால் லெகூத்ர் என்ற அறிஞர். 1992இல் அவர் வெளியிட்ட முடிவு என்ன? இரண்டும் சமமே என்றனர் பலர். நிகழ்தகவு பயின்றோரும் அவர்களுள் இருந்தனர். 'சமவாய்ப்பு' என்ற சொல்லைக் கேட்டறியாதவர்கள் அவர்கள்!

இன்னும் பின்னோக்கிச் சென்றால் பேரறிஞர்களையே இவ்வரிசையில் காண்கிறோம். நுண்கணிதத்தை வகுத்த மேதைகளுள் ஒருவரான லைப்னிட்ஸ், இரு பகடைகளில் பதினொன்றும் பன்னிரண்டும் விழும் வாய்ப்புச் சமம் என்றே கருதினார். ஐந்தும் ஆறும் ஒரு வழி, ஆறும் ஆறும் ஒரு வழி என்று அவர் எண்ணிவிட்டார்; எந்தப் பகடையில் ஐந்து, எதில் ஆறு என்று பிரித்துப் பார்க்கவில்லை. நம் திண்ணைச் சிறுவன் ஐந்தையும் ஆறையும் ஒரே தட்டில் வைத்தானே, அதே தவறுதான். பிரெஞ்சுப் பேரறிஞர் தாலம்பேர், நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு முறையேனும் தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754இல் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். முதற் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஆகவே மூன்றே நிலைகள் என்பது அவர் வாதம். உண்மையில் அது நான்கில் மூன்று. கலீலியோ மட்டும் இவ்விடத்தில் வழுவவில்லை. மூன்று பகடைகளில் ஒன்பதைக் காட்டிலும் பத்து சற்று மிகுதியாக விழுவதேன் என்ற ஐயம் அவரிடம் வந்தபோது, 216 வகைகளையும் எண்ணி, ஒன்பதுக்கு 25, பத்துக்கு 27 என்று காட்டினார். அந்தச் சிறு வேறுபாட்டை ஆடி ஆடியே கண்டுகொண்ட சூதாடிகளின் கூர்மையும் வியப்புக்குரியதே. நண்பர் வீட்டுப் பாட்டியாரும் அவ்வகைக் கூர்மை உடையவர்தாம்.

எண்ணிப் பார்க்கும் இக்கலை மேனாட்டில்தான் பிறந்ததோ என்று வாசகர்கள் வினவலாம். நளன் கதையை நாம் அறிவோம். சூதில் நாடிழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேரோட்டியாகச் செல்லும் வழியில் தான்றி மரம் ஒன்று எதிர்ப்படுகிறது. அதன் காய்களையும் இலைகளையும் நின்றவாறே கணித்துச் சொல்கிறான் மன்னன். நளனோ நம்பாமல் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த எண்கலையைக் கற்ற பின்னரே நளனைப் பற்றிய சூதின் பீடை ஒழிகிறது. பகடையையும் எண்ணிக்கையையும் நம் முன்னோர் ஒரே கதையில் முடிந்து வைத்திருப்பது கருதத்தக்கது. பண்டை நாளில் சூதாடும் காயாகப் பயன்பட்டதும் தான்றிக் கொட்டையே.

நம் கணக்கதிகாரமோ பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண வழி கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கவேண்டுமாம். நூறு முள் என்றால் நூற்றிருபது சுளை. காடாம்புலியூர்ச் சாலையோரத்துப் பலா வணிகரிடம் இதைக் கூறியபோது அவர் நகைத்தார். "ஒரே மரத்துப் பழம் இரண்டு ஒரே மாதிரி இருந்ததில்லை பாய்" என்றார். நூல் திட்டமான ஓர் எண்ணைத் தருகிறது. பழமோ கூடியும் குறைந்தும் நிற்கிறது. அக்கூடுதல் குறைவுக்கும் ஒரு கணக்கு உண்டென்பதை உலகம் நெடுங்காலம் உணரவில்லை.

அரபகத்தாரும் இவ்வழியில் நெடுந்தொலைவு வந்தவர்களே. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், தம் 'கிதாபுல் ஐன்' அகராதிக்காக அரபி எழுத்துகளை இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நந்நான்காக, ஐவைந்தாக மாற்றி அடுக்கினால் எத்தனை வேர்ச்சொற்கள் அமையக்கூடும் என்று கணக்கிட்டார். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் விளங்கிய அல் கிந்தி, ஒரு மொழியில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அதைக் கொண்டு மறைமொழிக் கடிதங்களை உடைக்கும் வழியைக் கண்டார். எடுத்துக்கொள்ளும் எழுத்து போதிய நீளம் உடையதாக இருத்தல் வேண்டும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். சிறு அளவை நம்பினால் ஏமாறுவோம் என்ற உண்மை அங்கே முளைவிட்டுவிட்டது. பகடைக்கு அரபியில் 'ஸஹ்ர்' என்பர். 'ஹஸார்ட்' என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்தே பிறந்தது என்பாரும் உளர். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்களில் நிகழ்தகவு தனிக்கலையாக உருக்கொண்டது.

எண்ணுவதில் நேரும் பிழை இவ்வளவில் நிற்கட்டும். எண்ணித் திருத்தினால் அது தீர்ந்துவிடும். அன்று மாலை அச்சிறுவனும் பதினாறு கட்டம் வரைந்து காட்டியதும் ஒப்புக்கொண்டான். அதனினும் ஆழமான பிழை ஒன்று உண்டு. அது கட்டம் வரைந்தாலும் போவதில்லை.

தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்று என்று தெளிந்த பிறகு, தோழன் ஒருவன் எட்டு முறை உருட்டியும் தாயம் காணாமல் அமர்ந்திருந்தான். "இனி விழுந்தே தீரவேண்டும்" என்றான். எட்டில் ஒன்று என்றால் எட்டு உருட்டுக்குள் ஒன்று வந்தாகவேண்டும் என்பது அவன் துணிபு. ஒரு முறை தவறும் வாய்ப்பு எட்டில் ஏழு. அதை எட்டு முறை பெருக்கினால் நூற்றுக்கு முப்பத்து நான்கு அளவில் நிற்கிறது. மூன்று பேரில் ஒருவர் எட்டு உருட்டிலும் தாயம் காணாமல்தான் இருப்பர். ஒன்பதாவது உருட்டுக்கு வருவோம். முன்னே எட்டு முறை தவறியது பித்தளைக் கட்டைக்குத் தெரியுமோ? அதற்கு நினைவு உண்டோ? ஒன்பதாவதிலும் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான்.

"பிறகு எப்படிச் சார் கடைசியில் சமமாகிறது?" என்று கேட்டான் பிள்ளை. நல்ல கேள்வி. பலரும் தடுக்கி விழும் இடம் இதுவே. நாணயம் ஒன்றைச் சுண்டுகிறோம். முதல் பத்தும் தலையாகவே விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாணயம் அக்கடனைத் திருப்பிச் செலுத்தப் பூவை மிகுதியாகத் தரும் என்பது மக்கள் எண்ணம். அது ஒன்றையும் திருப்பித் தருவதில்லை. மேலும் 990 முறை சுண்டினால் ஏறத்தாழப் பாதியாகிய 495 தலை வரும் என்று எதிர்பார்க்கலாம். மொத்தம் ஆயிரத்துக்குத் தலை 505. நூற்றுக்கு ஐம்பதரை! பத்தின் மிகுதி அப்படியே இருக்கிறது. ஆயிரத்தின் பரப்பில் அது கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. குளத்தில் விழுந்த பிடி உப்பை எவரும் எடுத்துவிடவில்லை. ஆனால் நீர் உவர்ப்பதில்லை.

இப்பிழை திண்ணையோடு நின்றுவிட்டால் நாம் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம். அது வீட்டுக்குள்ளே வந்து அமர்ந்துகொள்கிறது. எம் குடும்பத்துப் பெரியம்மா ஒருவருக்கு அடுத்தடுத்து நான்கு பெண்மக்கள். நான்காவது பிறந்தபோது உறவினர் கூடி ஆறுதல் கூறினர்: "நான்கும் பெண்ணாகிவிட்டது, அடுத்தது ஆண்தான், ஐயமில்லை." ஐந்தாவதும் பெண். அப்போது அதே உறவினர் வேறு கூறினர்: "இவளுக்குப் பெண்தான் வரும், அமைப்பு அப்படி." முதலில் கூறியதும் பிழை, பின்னர் கூறியதும் பிழை. முன்னதில் விதிக்குக் கடன்பட்ட மனம். பின்னதில் ஒரு தாயின்மேல் குற்றம் சாட்டிய மனம். அத்தாய் பல்லாண்டுகள் அச்சொல்லைச் சுமந்தார். பதினாறு வீடுகளில் நான்கு நான்கு குழந்தைகள் பிறந்தால், ஏறத்தாழ ஒரு வீட்டில் நான்கும் பெண்ணாகவும், ஒரு வீட்டில் நான்கும் ஆணாகவும் இருக்கும் என்று அன்று எவரேனும் கூறியிருந்தால்! எம் தெருவிலேயே நான்கும் ஆணாகப் பெற்ற வீடு இருந்தது. அங்கே காரணம் கேட்டவர் எவருமில்லை.

இது நம் வீடுகளுக்கு மட்டும் உரிய குறையன்று. ஆண்மகவு வேண்டித் தவித்த பிரெஞ்சு நாட்டுத் தந்தையர், அம்மாதத்தில் ஊரில் ஆண் குழந்தைகள் மிகுதியாகப் பிறந்ததைக் கேட்டு, 'இனிப் பெண்ணின் முறையன்றோ!' என்று கலங்கியதைக் கணித மேதை லப்லாஸ் 1814இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். 1972இல் கானமன், டிவர்ஸ்கி என்ற உளவியலார் இருவர் ஆறு குழந்தைகள் உள்ள குடும்பங்களைப் பற்றிக் கேட்டனர். பெண், ஆண், பெண், ஆண், ஆண், பெண் என்ற வரிசை மிகுதியா. ஆண், பெண், ஆண், ஆண், ஆண், ஆண் என்ற வரிசை மிகுதியா? முன்னதே மிகுதி என்றனர் பெரும்பாலோர். ஆணும் பெண்ணும் சரிபாதி வாய்ப்பெனின் இரண்டுக்கும் அறுபத்து நான்கில் ஒன்றுதான். கலந்து கிடப்பதே தற்செயல் என்று மனம் ஓர் உருவத்தை வரைந்து வைத்திருக்கிறது. அவ்வுருவத்திற்கு ஒவ்வாததை நம்ப மறுக்கிறது.

இதனை வகுப்பறையில் வைத்துக் காட்டியவர் நம் நாட்டவரே. அன்றைய சென்னை மாகாணத்தின் ஹடகலியில் 1920இல் பிறந்து, உலகப் புகழ் எய்தி, 2023இல் மறைந்த புள்ளியியல் பேரறிஞர் சி. ஆர். ராவ் அவர்கள், கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் முதலாண்டு மாணவர்க்குப் பாடம் நடத்திய முறை எண்ணி மகிழத்தக்கது. அருகிலிருந்த மருத்துவமனைக்கு மாணவரை அனுப்பி, அங்குப் பிறந்த குழந்தைகள் ஆணா பெண்ணா என்று வரிசையாகக் குறித்து வரச் செய்வார். நாணயம் சுண்டி எழுதச் செய்வார். பிறகு, ஒன்றையும் சுண்டாமல் மனத்தாலேயே கற்பனை செய்து ஒரு வரிசையை எழுதச் சொல்வார். ஐந்தைந்தாகப் பிரித்துக் கணக்கிட்டால் உண்மைப் பிறப்பும் நாணயமும் ஒன்றுபோல் ஒழுகின. கற்பனை வரிசையோ தனித்து நின்றது. அது மிகவும் ஒழுங்காக இருந்தது! ஐந்தும் ஆணாகவோ ஐந்தும் பெண்ணாகவோ எழுத மாணவரின் கை கூசிற்று. ஆனால் இயற்கைக்கு அக்கூச்சம் இல்லை. பதினாறுக்கு ஒரு முறை அவ்வாறு செய்கிறது. 1987இல் ராவ் ஆற்றிய இராமானுஜன் நினைவுச் சொற்பொழிவுகளின் நூல்வடிவில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்கேனும் ஓரிடத்தில் ஐந்து தலையோ ஐந்து பூவோ தொடர்ந்து விழும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. கற்பனையால் எழுதுவோரிடம் அத்தொடரைக் காண்பது அரிது. மனிதனால் தற்செயலைப் போலச் செய்ய இயலாது என்பதனாலேயே, 1927இல் திப்பெட் என்பார் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து 41,600 இலக்கங்களைத் திரட்டி ஒரு பட்டியல் வெளியிட்டார். அப்பட்டியல் நம்பத்தக்கதுதானா என்று 1938இல் 'சங்க்யா' இதழில் ஆராய்ந்து எழுதியவர் கே. ஆர். நாயர். தற்செயலுக்கும் தேர்வு வைத்தார்கள் என்று சொல்லலாம்.

குலுக்கல் நம் மார்க்கத்திற்குப் புதிதன்று. அன்னை மர்யம் அவர்களை வளர்க்கும் பொறுப்பு எவருக்கு என்று எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்ததைத் திருமறை (3:44) கூறும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படுகையில் துணைவியருள் எவரை உடனழைத்துச் செல்வதென்பதைச் சீட்டுப் போட்டே முடிவு செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். உரிமையில் ஒப்பாக நிற்போரிடையே ஒருவர்க்கும் சார்பாகாத முறை அது. விண்ணப்பங்கள் ஒதுக்கீட்டை மிஞ்சும் ஆண்டுகளில் ஹஜ் கமிட்டி நடத்தும் குர்ஆவும் அதன் வழிவந்ததே. அதன் முடிவு வெளியானதும் நாம் கேட்கும் பேச்சு இரண்டு. "மூன்றாண்டு கிடைக்கவில்லை, இவ்வாண்டு உறுதி" என்பது ஒன்று. "ஒரே தெருவில் ஐந்து பேருக்குக் கிடைத்திருக்கிறது, உள்ளே ஏதோ நடந்திருக்கிறது" என்பது மற்றொன்று. தொடர்ந்து விண்ணப்பித்தவர்க்கு முன்னுரிமை தரும் விதி இருந்த காலம் வேறு. வெறுங் குலுக்கல் சென்ற ஆண்டை அறியாது. ஒரே கவரில் விண்ணப்பித்தோர் சேர்ந்தே தேர்வாவர், அன்றேல் சேர்ந்தே விடுபடுவர். அதனை விட்டாலும், குலுக்கிப் போட்டவை ஆங்காங்கே கொத்தாக விழுவதே இயல்பு. தெருவுக்கொருவராகப் பங்கிட்டு வந்திருந்தால்தான் ஐயுறவேண்டும்.

தமிழகத்தில் 1968இல் அரசுப் பரிசுச் சீட்டு தொடங்கியது முதல், 2003இல் சீட்டு விற்பனையே தடை செய்யப்பட்டது வரை, 'வெகுநாள் வராத எண்' என்று தேடி வாங்கி அழிந்த குடும்பங்களைக் கண்டோம். அதை விரித்தெழுத மனம் ஒப்பவில்லை.

நண்பரின் கிடங்கில் கண்டதைக் கூறாமல் விடலாகாது. முந்திரிக்கொட்டை மூட்டை வந்திறங்கியதும் அவர் மேலே கிடப்பதைப் பார்த்து விலை பேசுவதில்லை. மேலும் நடுவும் அடியுமாகப் பல மூட்டைகளில் கை விட்டு அள்ளி, ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் குறுக்கே வெட்டிப் பருப்பைப் பார்க்கிறார். சொத்தை எத்தனை, சுருங்கியது எத்தனை என்று எண்ணி விலை சொல்கிறார். "நல்லதாகப் பார்த்து எடுத்தாலும் ஏமாற்றம், கெட்டதாகப் பார்த்து எடுத்தாலும் ஏமாற்றம். பார்க்காமல் எடுக்கவேண்டும்" என்றார். மகலனோபிஸ் வங்கத்துச் சணல் வயல்களை அளக்க வகுத்த கூறெடுப்பு முறையின் உயிர்நாடி இதுதான். அவர் மகனோ இதைத் தந்தையின் தொழில் என்று கருதினானேயன்றித் தன் பாடநூலின் பகுதியென்று கருதவில்லை. பள்ளியில் அவன் சூத்திரத்தில் எண்ணை இட்டு விடை கண்டவன்; ஒரு முறையேனும் கட்டையை உருட்டிக் குறித்தவனல்லன்.

புறப்படுமுன் அவனிடம் ஒரு வேலை கொடுத்தோம். கட்டைகளை 160 முறை உருட்டி, விழுந்ததையெல்லாம் குறித்து வைக்கச் சொன்னோம். பன்னிரண்டு பத்து முறையளவில் வரவேண்டும். மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது குறிப்பேட்டோடு ஓடி வந்தான். பன்னிரண்டு ஏழு முறைதான் விழுந்திருந்தது. முகம் வாடியிருந்தது.

"சார், இன்னொரு 160 உருட்டினால் அந்த விட்டுப்போன மூன்றும் சேர்ந்து வந்துவிடுமா?"

கும்பகோணம் செல்லும் பேருந்து வந்து நின்றது. "உருட்டிப் பார்த்துவிட்டு எழுது தம்பி" என்று கூறிவிட்டு ஏறிக்கொண்டோம்.